நான்கு பக்கமும் தண்ணீர்

ஐந்தாம் வகுப்பில் தீவு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான்கு பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி. வகுப்பே ராகம் போட்டு ஒப்பித்தது. எனக்கு மட்டும் அது உள்ளே இறங்கவில்லை. நான்கு பக்கமும் தண்ணீர் என்றால் அந்த நிலம் மழைக்காலத்தில் ஏன் மூழ்குவதில்லை, முன்பக்கம் பார்த்து நிற்கிறவனுக்கு முதுகுப் பக்கமும் தண்ணீர்தான் என்று எப்படித் தெரியும் என்று எழுந்து கேட்டேன். டீச்சர் என்னைப் பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொன்னார். ஏறி நின்று சுற்றிப் பார்த்தேன். நான்கு பக்கமும் சிரிக்கிற பிள்ளைகள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஒரு தீவில் போய்க் கால் வைக்க வேண்டும். நின்ற இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நான்கு பக்கமும் தண்ணீர் இருக்கிறதா என்று என் கண்ணால் பார்த்துவிட்டு வந்து டீச்சரிடம் சொல்ல வேண்டும். ராஜபாளையத்தில் பிறந்த பெண்பிள்ளைக்கு இது கொஞ்சம் அதிகப்படியான ஆசைதான். எங்களுக்கு ஒரு பக்கம் மலை, மூன்று பக்கம் மில்லு.

என் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சொன்னால் இன்றைக்கும் அடுத்த நிறுத்தம்வரை நடந்துவிடுகிற ஆள் நான். எண்பதுகளின் தொடக்கத்தில், ஒன்பது பத்து வயதில், அந்தச் சக்கரம் புதுசு வேறு. அம்மா அப்போது ஏழாம் மாதம் முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். என்னை இழுத்துப் பிடித்து உட்கார வைக்க ஆளில்லாத காலம்.

அப்பா ஒரு மில்லில் பிட்டர். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிக்கொண்ட சேக்காளிகள் அவருக்கு மூன்று பேர். பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளும் அதை ஏற்றிப் போக ஒரு வேனும் வைத்திருந்தவர் எனக்கு வேன் மாமா. மாந்தோப்பு வைத்திருந்த, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் தோப்பு மாமா. ஹெட் கான்ஸ்டபிளாக இருந்தவர் போலீஸ் மாமா. நாலு பேரும் கூடினால் ஒரு விஷயத்திலும் ஒத்துப்போக மாட்டார்கள். எந்த ஓட்டலில் சாப்பிடுவது என்று தொடங்கினால் அந்த ஓட்டல் அடைக்கும் வரை பேசுவார்கள். ஒன்றே ஒன்றில்தான் ஒற்றுமை. எந்த டீக்கடையில் இறங்கினாலும் யாராவது ஒருவர் அஞ்சு டீ சொல்லுவார். நாலு பேருக்கு எதற்கு ஐந்து என்று கடைக்காரர் விழிப்பார். ஐந்தாவது டம்ளரை ஆளுக்குக் கொஞ்சமாக ஊற்றிக்கொள்வார்கள்.

தீபாவளி முடிந்த கையோடு இவர்கள் கடற்கரையோரமாக ஒரு சுற்றுப் போய்வரத் திட்டம் போட்டார்கள். தூத்துக்குடி போய், அங்கிருந்து கரையை ஒட்டியே வடக்கே ஏறி, ஒரு தீவையும் பார்த்துவிட்டுத் திரும்புவது. தீவு என்ற சொல் என் காதில் விழுந்ததுதான் தாமதம், நான் வீட்டை இரண்டாக்கிவிட்டேன். அப்பா மசியவில்லை. போகிற வழியில் என்னை அம்மாவிடம் இறக்கிவிட்டுப் போவதாக ஏற்பாடு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டு வாசலில் வேன் நின்றது. நான் இறங்கவில்லை. சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினேன். அப்பா ஒரு கையைப் பிரித்தால் மறு கையால் பிடித்தேன். தெரு கூடிவிட்டது. தோப்பு மாமாதான் பொறுக்கமாட்டாமல் சொன்னார்.

"விடுலே. அவளும் வரட்டும். அஞ்சு பேராப் போவோமே."

அப்பாவின் கை தளர்ந்தது. வாசலில் நின்ற அம்மா என்னைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்தாள். "கூட்டிட்டுப் போங்க. தண்ணிகிட்ட மட்டும் பாத்துக்கோங்க" என்றாள். அப்பா உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அந்த வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கும். அரும்பு மீசையோடு ஒருவர் சிரிப்பார். அம்மாவின் அண்ணன், நான் பிறப்பதற்கு முன்பே சாமிகிட்டப் போய்விட்ட மாமா. அதற்கு மேல் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அப்பா எப்போது அங்கே வந்தாலும் அந்தச் சுவருக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார். மின்விசிறி அந்தப் பக்கம் இருந்ததால், அவருக்கு முதுகில் காற்று வாங்கப் பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாத்தூரில் அஞ்சு டீ. கோவில்பட்டியில் அஞ்சு டீ. ஐந்தாவது டம்ளர் எனக்கு வந்தது. வீட்டில் எனக்கு டீயே கிடையாது. ஆகவே நான் வரப்போவது தெரிந்து இத்தனை வருடமாக எனக்காகத்தான் ஐந்தாவது டீயைப் பழக்கப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று எனக்குள் ஒரு கர்வம். ஏற்கெனவே நிலைகொள்ளாத உடம்பில் டீயும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா. வேனுக்குள் முன்னும் பின்னும் அலைந்தேன். கஞ்சி போட்ட துணி வாசம் அடிக்கிற பெஞ்சில் ஏறிக் குதித்தேன். கடல் வந்துவிட்டதா என்று பனைக்குப் பனை கேட்டேன். செத்த நேரம் சும்மா இருடி என்று போலீஸ் மாமா தொப்பியில்லாத தலையோடு அதட்டினார். தொப்பி இல்லாததால் நான் பயப்படவில்லை.

தோப்பு மாமாதான் என் வாயை அடைக்க வழி கண்டுபிடித்தார். கடலுக்குள் பசு இருக்கிறது என்றார். கொம்பு உண்டா என்றேன். உண்டு, ஆனால் பாசி பிடித்திருக்கும். பால் கறக்குமா? கறக்கும், உப்புக் கரிக்கும், அந்தக் கரையில் டீக்கு உப்புப் போடாமலே குடிப்பார்கள். யாராவது டீக்கு உப்புப் போடுவார்களா என்று எனக்குத் தோன்ற அடுத்த ஊர் வந்துவிட்டது. கடல்பசுவைப் பார்க்கும்வரை பேசக் கூடாது, பேச்சுச் சத்தம் கேட்டால் அது முங்கிவிடும் என்று சொல்லிவைத்தார். தூத்துக்குடிவரை நான் வாயைப் பொத்திக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றுதான்.

உப்பளங்களில் பூநாரைகள் நின்றன. குச்சிக் கால்களும் வளைந்த மூக்குமாக, யாரோ விளையாட்டுக்குச் செய்து நிறுத்தியது போல. வேனை நிறுத்தி எல்லோரும் இறங்கிப் பார்த்தோம். வேன் மாமாவுக்கும் போலீஸ் மாமாவுக்கும் அது கொக்கா இல்லையா என்று சண்டை. துறைமுகத்தில் கப்பல் பார்த்தோம். மணலில் உட்கார்ந்து முந்திரி மெக்ரூன் தின்றோம். கடலைக் கண்டதும் மூன்று மாமாக்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அப்பா இறங்கவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்தபடி, மேற்கே ஊர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி, மணல் மேட்டில் நின்றார்.

அது எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊரில் அய்யனார் கோவில் ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எத்தனை பேர் போனாலும் ஒருவர் குளிக்கமாட்டார். பாறையில் ஏறி மேற்கே மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். குளிக்கிறவர்கள் தலைக்கு மேல் வெயில் காயும். மலைக்குள் எங்கோ பெய்த மழை சொல்லாமல் கொள்ளாமல் மரத்தையும் கல்லையும் உருட்டிக்கொண்டு வந்துவிடும். மலை இருட்டினாலோ தண்ணீர் கலங்கினாலோ மேலே இருப்பவர் ஒரு குரல் கொடுப்பார். சோப்பு நுரையோடு கரையேறிவிட வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. மற்ற கூட்டங்களில் முறை வைத்து மாறிக்கொள்வார்கள். எங்கள் கூட்டத்தில் எப்போதும் அப்பாதான் பாறையில். குளிர்ந்த தண்ணீருக்குப் பயந்துகொண்டு இப்படி ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டார் என்று எனக்கு எண்ணம். ஆனால் கடலுக்கு மலையுண்டா, ஆறுண்டா? இங்கே எதற்கு மேற்கே பார்க்கிறார்?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வைப்பாறு, வேம்பார் என்று கரையோரமாகவே வடக்கே போனோம். வேம்பாரைத் தாண்டி ஒரு மீனவர் ஊரில் போலீஸ் மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் வள்ளம் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். மாதா கோவிலில் பூசை முடிந்து அவர் வெள்ளைச் சட்டையோடு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நான் கோவில் வாசலுக்கும் கரைக்குமாக நடந்தே ஓய்ந்தேன். பிரசங்கம் ஏன் இவ்வளவு நீளம் என்று வாசலில் நின்ற ஒரு அம்மாளிடம் கேட்டேன். சாமியார் வெளியூர், வந்தா பேசிட்டுத்தான் போவாக என்றார்.

ஒருவழியாக வள்ளம் கிளம்பியது. நான் உட்காரவில்லை. எதிரே கடல் முடிகிற இடத்தில் பச்சையாக ஒரு கோடு. அதுதான் நல்லதண்ணித் தீவு என்று வள்ளக்காரர் காட்டினார். கோடு தடித்தது, பச்சையில் தென்னைகள் பிரிந்தன, அடியில் வெள்ளை மணல் தெரிந்தது. நான்கு பக்கமும் தண்ணீர் என்பதற்கு முன்பக்கம் மட்டும் ஆதாரம் கிடைத்துவிட்டது. மீதி மூன்று பக்கம் பாக்கி.

அப்போதுதான் ஓங்கல்கள் வந்தன. புத்தகத்தில் டால்பின் என்று போட்டிருக்குமே, அதை அங்கே ஓங்கல் என்கிறார்கள். வள்ளத்துக்குப் பக்கவாட்டில் கரிய முதுகுகள் எழுந்து எழுந்து முங்கின. ஒன்று என் கை எட்டும் தூரத்தில் வந்து புஸ் என்று மூச்சு விட்டது. நான் அலற, மாமாக்கள் அலற, வள்ளம் ஆட, வள்ளக்காரர் எல்லோரையும் உட்காரச் சொல்லிக் கத்தினார். இதுதானா கடல்பசு என்று கேட்டேன். இது கன்னுக்குட்டி என்றார் தோப்பு மாமா. அப்பா மட்டும் திரும்பவில்லை. நாங்கள் எல்லாம் தீவைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அவர் கரையைப் பார்த்து, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அப்பா, இங்க பாருங்க என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பாக்கேன் பாக்கேன் என்றார். பார்க்கவே இல்லை.

தென்னை மட்டை காற்றில் ஆடுவது கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டோம். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"வள்ளத்தத் திருப்புங்க அண்ணாச்சி" என்றார் அப்பா. "மேக்க இருட்டிக்கிட்டு வருது."

எல்லோரும் திரும்பினோம். கரைக்கும் அப்பால், வானம் தரையைத் தொடுகிற இடத்தில், ஒரு கறுப்புப் பட்டை. எங்கள் தலைக்கு மேல் வெயில் பளீரென்று அடித்தது. கடல் தாம்பாளம் மாதிரி கிடந்தது. வள்ளக்காரர் சிரித்துவிட்டார். மேற்கே கறுத்தால் அது உங்கள் மலையில் பெய்யும், கடலுக்கு அதனால் ஒன்றும் இல்லை, காற்று வாடையிலிருந்து, வடக்கேயிருந்து, எழுந்தால்தான் பயம் என்று பொறுமையாக விளக்கினார். இறங்கி ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்றார். அப்பா அதையே திரும்பச் சொன்னார். குரல் உயரவில்லை. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்திருந்த அவர் கை மட்டும் வெளிறியிருந்தது.

நான் மாமாக்களைப் பார்த்தேன். இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்று அரை மணி நேரம் பேசுகிறவர்கள். இப்போது அப்பாவைக் கிழிகிழியென்று கிழிக்கப்போகிறார்கள், வெள்ளம் கடலில் எங்கேடா வரும் என்று கேட்டுச் சிரிக்கப்போகிறார்கள், தீவுக்குப் போய்விடலாம் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

"திருப்புங்க" என்றார் வேன் மாமா. போலீஸ் மாமா வள்ளக்காரரின் தோளைத் தொட்டார். தோப்பு மாமா என்னைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நான் அழுத அழுகையை இப்போது நினைத்தாலும் தொண்டை வலிக்கிறது. செருப்பு ஒன்று கடலில் விழுந்தது. ஓங்கல்கள் தீவுப் பக்கமே நின்றுவிட்டன. தீவு மறுபடி கோடாகிக் காணாமல் போனது. அப்பா பயந்தாங்கொள்ளி, இந்த மூன்று பேரும் அதைவிடப் பயந்தாங்கொள்ளிகள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். கரையில் இறங்கியபோது அப்பா ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பெரிய ஆட்கள், தாங்களே குதித்திருக்கலாம். ஆனாலும் ஒவ்வொருவரும் கையை நீட்டி, அவர் பிடிக்கும்வரை நின்று இறங்கினார்கள்.

காரணம் எனக்குத் தெரிய வந்தது பல வருடம் கழித்து, போலீஸ் மாமா ஓய்வு பெற்று ஒருநாள் வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான். அவர்கள் ஒரு காலத்தில் ஐந்து பேர். ஐந்தாவது ஆள், படத்தில் சிரிக்கிற மாமா. யாருக்கும் கல்யாணம் ஆகாத வயது. ஐப்பசியில் ஒருநாள் அய்யனார் கோவில் ஆற்றில் நாலு பேர் குளிக்க, அன்று பாறையில் உட்காரும் முறை அப்பாவுக்கு. மலை வெளுப்பாகத்தான் இருந்திருக்கிறது. மழை சிகரத்துக்கு அந்தப் பக்கம். தண்ணீர் கலங்கியதைக் கண்டு அப்பா குரல் கொடுக்க, மூன்று பேர் இந்தக் கரையில் ஏறிவிட்டார்கள். மாமா எதிர்க்கரையில் நின்றவர். அப்படியே ஏறியிருந்தால் பிழைத்திருப்பார். சேக்காளிகள் இருக்கிற பக்கம் வந்துவிடலாம் என்று ஆற்றில் இறங்கினார்.

ஊர் ஒன்றுக்குப் பத்தாகப் பேசியது. பாறையில் இருந்தவன் தூங்கிவிட்டான் என்றார்கள், வேறு எங்கோ பராக்குப் பார்த்தான் என்றார்கள். அப்பா மறுத்துப் பேசவில்லை. சேக்காளிகளும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்பட்டதாகிவிடும் என்று இவர்கள் நினைக்க, கேட்காததையே சந்தேகமாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். சில வருடம் கழித்து அப்பா அம்மாவைக் கட்டிக்கொண்டார். அப்போதும் ஊர் பேசியது; அம்மாவும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. அதன் பிறகு எந்தத் தண்ணீரானாலும் அவர் ஏறச் சொன்னால் மூன்று பேரும் ஏறிவிடுவார்கள். உன்னை நம்புகிறோம் என்பதை வாயால் சொல்லத் தெரியாதவர்கள். இப்படி ஒவ்வொரு முறையும் கரையேறிக் காட்டினார்கள்.

அன்று திரும்பும் வழியில் விளாத்திகுளத்தில் டீ சொன்னபோது நான் என் டம்ளரைத் தொடவில்லை. அது ஆடை படர்ந்து ஆறிப்போனது. வழி முழுக்க வறண்ட கரிசல். ஒரு சொட்டு மழை இல்லை. சிவகாசி தாண்டிய பிறகுதான் தார்ச்சாலை நனைந்து கறுத்திருந்தது. வேப்பமரங்கள் சொட்டின. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு முன்னால், நான் அதுவரை மணலாக மட்டுமே பார்த்திருந்த ஓடையில், தரைப்பாலத்தின் மேல் செம்மண் நிறத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மலையில் மத்தியானமே ஊற்றித் தள்ளிவிட்டதாக எதிர்க்கரையில் நின்ற மாட்டுவண்டிக்காரர் கத்திச் சொன்னார். மேகத்தைப் பற்றி அப்பா சொன்னது சரிதான். இடம்தான் தள்ளிப்போய்விட்டது.

வேன் நின்றது. மேற்கே மலையோரம் வெளிச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. நாலு பேரும் இறங்கிப் பாலத்தின் முகப்பில் வரிசையாக நின்றார்கள். நான் ஜன்னலில் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தேன். ஓடைக்கு அந்தப் பக்கம் அம்மா. ஓங்கல் மூச்சு விட்டதை அவளிடம் சொல்ல வேண்டும். ஒற்றைச் செருப்புக்கு ஒரு கதை தயார் செய்ய வேண்டும். பசி வேறு. இவர்களோ தண்ணீரில் என்னவோ எழுதியிருப்பது போலப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"நான் பாத்துக்கிட்டுத்தாம்ல இருந்தேன்" என்றார் அப்பா.

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்துத்தான் சொன்னார். மூன்று பேரும் அசையவில்லை. தோப்பு மாமா துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறு தோளில் போட்டார்.

"கண்ண எடுக்கலைலே" என்றார் அப்பா மறுபடியும்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. மத்தியானம் நடந்ததற்கு இன்னமும் நியாயம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எரிச்சல். ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டு கத்தினேன்.

"ஆமாப்பா, பாத்துக்கிட்டேதான் இருந்தீங்க. நான்தான் பாத்தேனே. ஒரு தடவகூடத் திரும்பல. போலாம்ப்பா."

அப்பா திரும்பினார். என்னைப் பார்த்தபடி அப்படியே நின்றார். மாமாக்களும் திரும்பிப் பார்த்தார்கள். போலீஸ் மாமா, மழை நின்று எவ்வளவோ நேரம் ஆகியிருந்தும், முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அப்பா ஜன்னலுக்கு வந்து என் தலையில் கையை வைத்தார். கை கனமாக இருந்தது. பிறகு பாலத்தோர அளவுக் கல்லைப் பார்த்துவிட்டு, தண்ணி வத்திருச்சு, போலாம் என்றார். அவர் சொல்லிய பிறகே வேன் மாமா ஏறி வண்டியைக் கிளப்பினார். அப்பா முன்சீட்டில் ஏறாமல் பின்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அம்மா வீட்டுக் கூடத்தில் அப்பா அன்று இடம் மாறி உட்கார்ந்தார். படம் அவருக்கு எதிரே இருந்தது. கடற்காற்று பட்டது போதும் என்று விசிறிப் பக்கம் முதுகைக் காட்டவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வேறு வேலை இருந்தது. தீவில் கால் வைக்காததை அமுக்கிவிட்டு, மற்றதையெல்லாம் அம்மாவிடம் ஒரே மூச்சில் அளந்துகொண்டிருந்தேன். பாலத்தில் எல்லோரும் மரம் மாதிரி நின்றபோது நான் போட்ட சத்தத்தில்தான் வண்டியே கிளம்பியது என்று பெருமையடித்தேன். அப்படி என்ன சத்தம் போட்டாய் என்று சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்.

அப்பா சொன்னதையும், நான் கத்தியதையும், ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னேன்.

அம்மா கரண்டியோடு நின்றுவிட்டாள். கூடத்தில் அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கரண்டியில் எடுத்த சோறு என் தட்டுக்கு மேலேயே நின்றது. எனக்கானால் பயங்கரப் பசி. இந்த வீட்டில் எவரும் ஒரு காரியத்தை வேகமாகச் செய்யமாட்டார்களா என்று தட்டைத் தட்டினேன்.